ஸ்வீடனுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போகும் அம்மாக்களுக்கு

உறையூர் பாண்டமங்கலத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். ஒரே மகள். கணவருடன் ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரில் இருக்கிறாள். இருவருக்கும் அங்கேயே வேலை. இப்போது தலைப்பிரசவம். "ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று இருந்தோம். வரமாட்டேன், நீங்கள் வாருங்கள் என்கிறாள். எனக்கும் அவள் அப்பாவுக்கும் பாஸ்போர்ட் எடுத்தாயிற்று. ஆனால் மனசு ஆறவில்லை. அந்த வீட்டுக்குக் குடிபோய் இவ்வளவு நாளாகியும் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட அவளுக்குத் தெரியவில்லை. ராத்திரி வலி எடுத்தால் யாரைக் கூப்பிடுவாள்? அங்கே போய் நான் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? என்னென்ன கொண்டு போகலாம்?"

பல ஆண்டுகள் ஸ்வீடனில் இருந்து, பிள்ளைகளை அங்கேயே பெற்று வளர்த்தவள் நான். சீரங்கத்திலும் தில்லைநகரிலும் இதே கேள்விகளை என்னிடம் கேட்ட அம்மாக்கள் பலர் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பெரிய கவலைக்கு வருகிறேன். ராத்திரி வலி எடுத்தால் உங்கள் மகள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டமாட்டாள். தட்டவேண்டிய தேவையும் இல்லை. பிரசவ வார்டின் தொலைபேசி எண் அவளிடம் மாதக்கணக்கில் முன்னாலேயே இருக்கும். அங்கே இருக்கும் மருத்துவச்சி வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டு, இப்போதே கிளம்பலாமா, இன்னும் வீட்டில் இருக்கலாமா என்று சொல்வார். மற்ற உடல்நலச் சந்தேகங்களுக்கு 1177 என்ற எண். எந்த நேரமானாலும் ஒரு நர்ஸ் எடுத்துப் பேசுவார். உயிருக்கு ஆபத்தென்றால் 112. இந்த இரண்டு எண்களையும் நீங்களும் உங்கள் செல்போனில் பதிந்துகொள்ளுங்கள்.

உறையூரில் உதவி கேட்காமலே வரும். வாசலில் ஆட்டோ வந்து நின்றால் போதும், தெருவே எட்டிப் பார்த்து என்ன ஏது என்று விசாரிக்கும். ஸ்வீடனில் யாரும் விசாரிக்கமாட்டார்கள். அடுத்தவர் விஷயத்தில் தலையிடாமல் இருப்பதுதான் அவர்கள் காட்டும் மரியாதை. ஆனால் கேட்டால் செய்வார்கள், சொன்ன நேரத்தில் செய்வார்கள். எங்கே கேட்பது, எப்போது கேட்பது என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். வெக்காளியம்மன் கோயிலில் குறையைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டுகிறோம் இல்லையா? ஸ்வீடனில் அன்றாட வாழ்க்கை ஏறக்குறைய அப்படித்தான் நடக்கிறது. தேவையை எழுத்தில், உரிய இடத்தில் வைக்க வேண்டும். மனசுக்குள் வைத்துக்கொண்டு யாராவது புரிந்துகொள்வார்கள் என்று காத்திருப்பவர்கள்தான் அங்கே தவித்துப்போகிறார்கள். நம் பெண்கள் பலர் முதல் வருடம் படும் பாட்டுக்குக் காரணம் இதுதான்.

அடுத்தது, மகள் ஏன் ஊருக்கு வரவில்லை என்பது. இதை நீங்கள் மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று உரிமையோடு சொல்கிறேன். ஸ்வீடனில் கர்ப்பிணியைத் தொடர்ந்து பார்ப்பது பயிற்சி பெற்ற மருத்துவச்சி. சிக்கல் இருந்தால்தான் டாக்டர். இந்தக் கவனிப்புக்கு அங்கே குடியிருப்பவர்களிடம் கட்டணம் கிடையாது. மாதக்கணக்கில் தன்னைப் பார்த்துவரும் மருத்துவச்சியை விட்டுவிட்டு எட்டாம் மாதத்தில் விமானம் ஏற அவள் தயங்குவது நியாயம். இன்னொன்று, அவள் புருஷன். பிரசவ அறையில் அவர் பக்கத்தில் இருப்பார். குழந்தை பிறந்ததையொட்டி அவருக்கென்று தனியாகப் பத்து நாள் விடுப்பு உண்டு. அதற்கு மேல் ஒரு குழந்தைக்குப் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து 480 நாள் உதவித்தொகையோடு விடுப்பு. அதில் 390 நாளுக்குச் சம்பளத்தைப் பொறுத்து, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, ஏறக்குறைய எண்பது சதவீதம் வரை கிடைக்கும். மிச்ச நாட்களுக்குச் சிறிய நிலையான தொகை. 480-இல் 90 நாள் தாய்க்கே, 90 நாள் தகப்பனுக்கே. அதை ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. தாய்க்கு மட்டும் என்று இருந்த பேறுகால உதவியை இருவருக்கும் பொதுவாக்கி அவர்கள் சட்டம் போட்டது 1974-இல்.

எனவே உங்கள் மாப்பிள்ளை பல மாதம் வீட்டில் இருந்து குழந்தைக்குத் துணி மாற்றுவார், பால் காய்ச்சுவார், வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார். "ஆம்பளை இதெல்லாம் செய்யணுமா, நான் எதுக்கு இருக்கேன்" என்று அவர் கையிலிருந்து குழந்தையை வாங்கிவிடாதீர்கள். உங்கள் விசா முடிந்து நீங்கள் கிளம்பிய பிறகு உங்கள் மகளுக்கு இருக்கப்போகும் ஒரே துணை அவர்தான். அவர் கை பழகட்டும். உங்களிடம் நான் கேட்டுக்கொள்வதில் இதுதான் முதன்மையானது. சமையலறை முழுவதும் உங்களுடையதாக இருக்கட்டும், தொட்டில் அவர்களுடையதாக இருக்கட்டும்.

2024 ஜூலையிலிருந்து பெற்றோர் ஒவ்வொருவரும் தம் நாட்களில் 45 வரை தாத்தா பாட்டி போன்ற வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டவர்கள் உண்டு. ஸ்வீடனின் சமூகக் காப்பீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது. விசாவில் போய்வரும் நமக்குப் பொருந்தாது.

விசா என்றால் ஷெங்கன் விசா. 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். 90 நாளுக்கு மேல் தங்க வேண்டுமென்றால் அதற்குத் தனி அனுமதி உண்டு. இங்கிருந்து கிளம்பும் முன்பே விண்ணப்பிப்பது நல்லது. எப்போது போய் இறங்குவது என்பதை மகளிடம் நேராகவே கேளுங்கள். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னால் போனால் அந்த 90 நாளில் மூன்றில் ஒரு பங்கு காத்திருப்பதிலேயே போய்விடும். நான் பார்த்தவரையில், மாப்பிள்ளையின் பத்து நாள் முடிகிற சமயத்தில் போய்ச் சேரும் அம்மாவால்தான் வீட்டுக்கு அதிக உதவி. ஆனால் தலைப்பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவள் விரும்பினால் அதற்கு மேல் பேச்சில்லை.

பெட்டியில் என்ன வைப்பது? பாலில் செய்தது, இறைச்சியில் செய்தது எதையும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. நெய் கூடாது, பால்கோவா கூடாது, திரட்டுப்பால் கூடாது. பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, பழம் காய்கறி எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், நம்மிடம் அது இருக்காது. தேங்காய், வாழைப்பழம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. பருப்புப் பொடி, வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள், வடகம், மணப்பாறை முறுக்கு எல்லாம் தாராளமாகப் போகும். சுத்தம் செய்து காயவைத்த கருவாட்டுக்குத் தடை இல்லை. ஆனால் ஜன்னல் மூடிய அடுக்குமாடி வீட்டில் அதைப் பொரிக்கும் முன் யோசியுங்கள். நெய்யை அங்கேயே காய்ச்சிக்கொள்ளலாம். வெண்ணெய் அருமையாக இருக்கும். ஒன்றே ஒன்று, அங்கே கடையில் இருப்பது பெரும்பாலும் உப்புப் போட்ட வெண்ணெய். உப்பில்லாதது என்று மகளிடம் சொல்லி வாங்குங்கள். 

உங்கள் மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். கூடவே மருந்தின் வேதிப் பெயரோடு டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். நம் ஊர் மெடிக்கலில் கேட்டு வாங்குவதுபோல ஆன்டிபயாடிக்கை அங்கே சீட்டில்லாமல் வாங்க முடியாது.

இனிக் குழந்தை வளர்ப்பு. இதில் நான் கண்டிப்பாகப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைப்பது நமக்குப் பெரிய சடங்கு. யார் சேனை வைத்தார்களோ அவர்கள் குணம் வரும் என்பார்கள். ஆனால் ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிரால் பிஞ்சு உடம்புக்குக் கொடிய நச்சுநோய் வரலாம். உரைமருந்தும் வேண்டாம். கடையில் வாங்கும் கண்மையில் ஈயம் இருக்கக்கூடும், அதைத் தொடவே வேண்டாம். குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுவது குழந்தையின் நுரையீரலுக்கு நல்லதல்ல. அங்கே கூரையில் பொருத்திய புகை எச்சரிக்கை மணி வேறு அலறும். எண்ணெய் தேய்க்கலாமா, எந்த எண்ணெய் என்று குழந்தைநல நர்ஸிடம் கேளுங்கள். பிறந்த சில நாளிலேயே அந்த நர்ஸ் வீட்டுக்கு வருவார். அவர் வரும்போது நீங்களும் உட்காருங்கள். கேட்க நினைப்பதை மகளிடம் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். பாட்டி கேட்கிறார் என்றால் அக்கறையாகவே பதில் சொல்வார்கள்.

குழந்தையை மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். முதல் மூன்று மாதம் தனிப் படுக்கையே பாதுகாப்பு என்பது அங்கத்திய அறிவுரை. பக்கத்தில் போட்டு அணைத்துப் படுத்த நமக்கு இது மனசு கேட்காது. தொட்டிலை உங்கள் மகளின் கட்டிலோடு ஒட்டிப் போடுங்கள், கை எட்டும். நாற்பது நாள் வாசல்படி தாண்டக் கூடாது என்றும் தடுக்காதீர்கள். உடம்பு தேறத்தேற அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கப் போவாள். குளிர்காலத்தில்கூடக் குழந்தைக்குக் கம்பளியைச் சுற்றி வெளிக்காற்றில் வண்டியிலேயே தூங்கவைப்பது அவர்கள் வழக்கம். முதல்முறை பார்த்தால் நெஞ்சு பதறும். பூண்டுக் குழம்பும் ரசமும் சூடாக வைத்துக் காத்திருங்கள். வெளியே போய்விட்டு வருகிறவளுக்கு அதைவிட ஆறுதல் வேறில்லை.

அடிப்பதைப் பற்றி. பிள்ளைகளை அடிப்பதைச் சட்டம் போட்டு முழுவதுமாகத் தடுத்த முதல் நாடு ஸ்வீடன், 1979-இல். பெற்ற தாய் தகப்பனுக்கும் அந்த உரிமை இல்லை. நர்ஸ், பாலர் பள்ளி ஆசிரியர் போன்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால் நகராட்சியின் சமூகநலப் பிரிவுக்கு எழுதியாக வேண்டியது அவர்கள் கடமை. பிறந்த குழந்தைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். நண்பர் வீட்டு மூன்று வயதுப் பிள்ளை சோஃபாவில் ஏறிக் குதித்தால், "அடி வாங்கப் போற" என்று கையை ஓங்குவது நமக்குப் பேச்சோடு பேச்சு. அங்கே அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். எனக்கு இந்தச் சட்டத்தின்மேல் பெரிய மதிப்பு உண்டு. நம் வீடுகளுக்கும் அது வரவேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

சோறு போடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் வீட்டுக்கு யார் பிள்ளை வந்தாலும் தட்டு வைப்போம், கேட்கவே மாட்டோம். ஸ்வீடனிலோ விளையாடப் போன பிள்ளைக்கு அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் தட்டு வைக்காமலே இருக்கலாம். 2022-இல் இது உலகம் முழுக்கப் பெரிய பேச்சானது. கல்நெஞ்சக்காரர்கள் என்று பலர் திட்டினார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளைக்கு அதன் வீட்டில் ஆறு மணிக்குச் சாப்பாடு தயாராக இருக்கும், அதைக் கெடுக்கக் கூடாது, அந்த வீட்டாரைக் கடன்பட்டவர்களாக ஆக்கக் கூடாது என்பது அவர்கள் எண்ணம். ஆனாலும் பசியோடு ஒரு பிள்ளையை உட்காரவைத்துவிட்டுச் சாப்பிட என்னால் முடிந்ததே இல்லை. வழி இருக்கிறது. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு முன்கூட்டியே ஒரு குறுஞ்செய்தி: இன்றைக்கு இங்கே சாப்பிடலாமா, எதுவும் ஒவ்வாமை உண்டா? பாதாம், முந்திரி, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கலாம். கேட்காமல் ஒரு முந்திரிப் பருப்பைக் கையில் கொடுத்தால் ஆஸ்பத்திரியில் போய் நிற்க நேரலாம். கேட்டுவிட்டுப் போட்டால், என் அனுபவத்தில், அந்தப் பிள்ளைகள் இட்லியைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சாப்பிடுவார்கள்.

அடுக்குமாடிக் கட்டடங்களில் துணி துவைக்கப் பொது அறை இருக்கும், பெரும்பாலும் கீழ்த்தளத்தில். நேரம் பதிவு செய்துதான் போக வேண்டும். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் துணி மலைபோலச் சேரும். இந்த வேலை உங்கள் கைக்கு வர வாய்ப்பு அதிகம். உங்கள் நேரம் ஐந்து மணிக்கு முடிகிறதென்றால் ஐந்துக்கு இயந்திரம் காலியாக இருக்க வேண்டும். உலர்த்தும் இயந்திரத்தின் வடிகட்டியில் பஞ்சு அடைபோல் ஒட்டியிருக்கும், அதை விரலால் வழித்து எடுத்துக் குப்பையில் போட வேண்டும். தரையைத் துடைத்துவிட்டு வெளியே வர வேண்டும். மறந்தால் யாரும் வந்து சண்டை போடமாட்டார்கள். மறுநாள் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும், கோபம் முழுவதும் அதில் இருக்கும். இரவு பத்துக்கு மேல் மிக்ஸி, துவைப்பு எதுவும் வேண்டாம். சட்னியை மாலையிலேயே அரைத்து வைத்துவிடுங்கள்.

எதிர்வீட்டுக்காரரிடம் நீங்களே பேசுங்கள். மாடிப்படியில் பார்த்தால் சிரித்து "ஹேய்" என்றால் போதும், அது எல்லோருக்கும் பொதுவான வணக்கம். அவர்கள் உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மகள் தன் மேலதிகாரியையும், நாளைக்குப் பேரப்பிள்ளை தன் டீச்சரையும் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். 1960-களின் கடைசியிலிருந்து நாடே அப்படி மாறிவிட்டது. அதில் அவமரியாதை இல்லை. சம்பளம் எவ்வளவு, இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை, வயசான காலத்தில் ஏன் தனியாக இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எண்பது வயதில் தனியாக இருக்கும் பாட்டியைப் பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொள்வோம். நம் நாட்டில் பெற்றோரைக் காப்பது பிள்ளைகளின் சட்டக் கடமை என்று 2007-இல் சட்டமே இருக்கிறது. ஸ்வீடனில் அந்தக் கடமை நகராட்சியுடையது. வீட்டுக்கே ஆள் வந்து குளிக்கவைத்து, மருந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வந்து காபி குடித்துப் பேசிவிட்டுப் போவார்கள். இதில் எது மேல் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. யாரையும் எதிர்பார்க்காமல் நிமிர்ந்து நடக்கும் கிழவிகளையும் பார்த்திருக்கிறேன், கிறிஸ்துமஸுக்கு ஒருவரும் வராத வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

பகலில் உங்களுக்குப் பொழுது போகாது. அங்கே பல ஊர்களில் 'திறந்த பாலர் பள்ளி' என்று ஒன்று உண்டு. கைக்குழந்தையோடு பெரியவர்கள் யாரும் போய் உட்காரலாம், பதிவு வேண்டாம், பெரும்பாலும் கட்டணமும் இல்லை. பாட்டு, பொம்மை, காபி எல்லாம் இருக்கும். மொழி தெரியாவிட்டாலும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் பாட்டியோடு மற்றவர்கள் பேசவே செய்வார்கள். பேச்சு வேண்டுமென்றால் திருச்சியையே ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம். நம் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு 1921-இல் முதல் பேராயரானவர் எர்ன்ஸ்ட் ஹியூமன் என்ற ஸ்வீடன்காரர். 1956 வரை அந்தப் பதவியில் அடுத்தடுத்து இருந்த மூவருமே ஸ்வீடன்காரர்கள். இதைச் சொன்னபோது தேவாலயத்தோடு பழக்கமுள்ள முதியவர்கள் முகம் மலர்ந்ததைக் கண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லி, ரொக்கத்தை நம்பாமல் வெளிநாட்டில் செல்லும் கார்டு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல கடைகளில், பஸ்களில் காசு வாங்குவதே இல்லை. அங்கத்தியர் செல்போனில் பணம் அனுப்பும் வசதி அங்கே வங்கிக் கணக்கும் அடையாள எண்ணும் உள்ளவர்களுக்குத்தான். குளிர்காலமென்றால் பிடிமானத்துக்குச் செருப்பின் அடியில் மாட்டும் முள் பட்டை இருவருக்கும் அவசியம். பெய்த பனி உறைந்து கண்ணாடிபோல் ஆனதில் வழுக்கித்தான் நம் வயதுக்காரர்கள் எலும்பை முறித்துக்கொள்கிறார்கள். டிசம்பரில் பிற்பகல் மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஜூனில் இரவு பத்துக்கும் வெளிச்சம் இருக்கும். இரண்டிலுமே முதல் வாரம் தூக்கம் கெடும்.

கடைசியாகக் காகித வேலை. இளம் தம்பதிகள் தூக்கமில்லாமல் இதைத்தான் மறப்பார்கள், நீங்கள் ஞாபகப்படுத்துங்கள். குழந்தையின் பெயரை மூன்று மாதத்துக்குள் அங்கத்திய வரித்துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பிறப்புப் பதிவேடும் மக்கள் பதிவேடும் அவர்களிடம்தான். நமக்கு இனிஷியல்தான், அங்கே குடும்பப் பெயர் கேட்பார்கள். அப்பா பெயரா, அம்மாவுக்கும் சேர்த்து வேறொன்றா என்று பிரசவத்துக்கு முன்பே எல்லோரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். பின்னால் பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று அலையக் கூடாது. குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் பிறந்து ஓர் ஆண்டுக்குள் ஸ்டாக்ஹோமில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். பிசிஜி ஊசி நம் ஊரில் பிறந்தவுடன் போடுவது. ஸ்வீடனில் எல்லாக் குழந்தைகளுக்கும் போடுவதில்லை, காசநோய் அதிகமுள்ள நாடுகளோடு தொடர்புடைய குடும்பத்துக் குழந்தைகளுக்கு மட்டும் போடுவார்கள். உறையூருக்கு எப்போது குழந்தையை அழைத்து வரப்போகிறார்கள் என்பது முடிவானதும் அந்தத் தேதியை நர்ஸிடம் சொல்லி, பிசிஜி எப்போது, தட்டம்மை ஊசியை முன்னதாகப் போட முடியுமா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். டிக்கெட் எடுத்த பிறகு கேட்டால் சில ஊசிகளுக்கு நாள் போதாமல் போய்விடும்.